ஐந்தாவது விமானம்: 'ஏஸ்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

2024 அக்டோபர் முதல் வாரம். மெரினாவில் விமானப் படையின் சாகசக் காட்சி நடக்க இருந்தது. ஒத்திகை நாட்களில் வானமெல்லாம் இரைச்சல். காசிமேட்டில் எங்கள் மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். விட்டுக்கொண்டிருந்த காத்தாடியை இறக்கி, நூலைச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் தெற்கே பார்த்தபடி நின்றார்கள். அப்போது எதிர்வீட்டுப் பையன், மொபைல் விளையாட்டில் தான் 'ஏஸ்' ஆகிவிட்டதாகச் சொன்னான். "அஞ்சு ஃப்ளைட்டை சுட்டா ஏஸ் ண்ணா. அவ்ளோதான் மேட்டரு."

அஞ்சு என்று அவன் சொன்னது சரி. அவ்வளவுதான் என்று சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை. விமானிகளின் வரலாற்றைப் பல வருடமாக விரும்பிப் படித்து வருகிறேன். ஒரு ஏஸின் வாழ்க்கையைப் படிக்கும் எல்லோரும் முதலில் பார்ப்பது அவர் வீழ்த்திய எண்ணிக்கையை. அந்த எண்ணை யார் எண்ணினார்கள், எத்தனை நாள் பறக்க விட்டார்கள், எந்த விமானத்தில் எந்த விமானத்தை எதிர்த்தார் என்பதெல்லாம் தெரியாவிட்டால் அந்த எண் நமக்கு ஒன்றுமே சொல்லாது. அன்று மாடியில் அவனிடம் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வானில் நடக்கும் சண்டையில் ஐந்தோ அதற்கு மேலோ எதிரி விமானங்களை வீழ்த்தியவரை ஏஸ் என்கிறார்கள். இது லெப்டினன்ட், கேப்டன் போன்ற பதவி அல்ல. பதக்கமும் அல்ல. ஐந்தாவது விமானம் விழுந்த மறுநாள் சம்பளம் ஏறாது, தோளில் ஒரு பட்டை கூடாது. பத்திரிகைக்காரர்கள் கிளப்பிவிட்ட பெயர் இது. முதல் உலகப் போரில், 1915-இல், அடோல்ஃப் பெகூ என்ற பிரெஞ்சு விமானியைப் பற்றி எழுதிய பிரெஞ்சுப் பத்திரிகைகள் சீட்டுக்கட்டின் ஏஸை எடுத்து அவருக்குச் சூட்டின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்றே அவர் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். பெயர் நின்றுவிட்டது. ஐந்து என்பது பிரான்ஸில் எழுந்த கணக்கு. ஜெர்மானியர்கள் அப்போது பத்து வேண்டும் என்றார்கள். பிரிட்டிஷ் படை அந்தச் சொல்லையே அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர் ஒட்டிக்கொள்ளும் விதம் வட சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. அதே போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பரில் அந்தக் கப்பல் கதை முடிந்தது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. கையில் சிக்காத கெட்டிக்காரப் பிள்ளையை ராயபுரத்தில் என் ஆயா "சரியான எம்டன்" என்றுதான் சொல்வார். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏஸ் வந்ததும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

சரி, ஏஸ் என்ற ஆள் ஏன் 1915-இல் உருவானார்? போர் தொடங்கியபோது விமானங்கள் வேவு பார்க்கத்தான் போயின. எதிரி விமானம் எதிர்ப்பட்டால் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பார்கள். இயந்திரத் துப்பாக்கியை மூக்கின் மேல் வைத்து நேராகச் சுட்டால்தான் குறி விழும். ஆனால் மூக்கில் சுழல்வது ப்ரொப்பெல்லர். வீட்டில் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, இறக்கைகளில் படாமல் நடுவே கல்லெறிய முடியுமா? அதுதான் சிக்கல். ரோலன் காரோஸ் என்ற பிரெஞ்சு விமானி ப்ரொப்பெல்லர் இறக்கைகளில் இரும்புத் தகடுகளைப் பொருத்தினார். படுகிற குண்டுகள் தெறித்து விலகும், மிச்சம் இடைவெளியில் போகும். 1915 ஏப்ரலில் அப்படியே சில விமானங்களை வீழ்த்தினார். அதே மாதம் ஜெர்மானியர் கைவசமிருந்த பகுதியில் இறங்க நேர்ந்து பிடிபட்டார். பாரிஸில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் நடக்கும் அரங்கத்துக்கு அவர் பெயர்தான். அவரை முதல் ஏஸ் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் வீழ்த்தியது நான்கு, அதனால் கணக்குப்படி அவர் ஏஸ் இல்லை.

அப்புறம் அந்தோனி ஃபோக்கரின் நிறுவனம் இதைவிடச் சிறந்த வழியைக் கொண்டுவந்தது. இன்ஜின் சுழற்சியோடு துப்பாக்கியின் விசையை இணைத்துவிட்டார்கள். இறக்கை குழலுக்கு நேரே வரும் கணத்தில் துப்பாக்கி தானே அடங்கும், விலகியதும் சுடும். இனி விமானி விமானத்தையே குறிவைத்துச் செலுத்தினால் போதும், துப்பாக்கி தனியாகத் திரும்ப வேண்டாம். ஒற்றை ஆள், ஒற்றை விமானம், ஒற்றைக் குறி. ஏஸ் பிறந்தது அந்த இயந்திரத்தில்தான்.

அந்த விமானத்தில் பெயர் எடுத்த ஆஸ்வால்ட் பொல்கே 1916-இல் இளம் விமானிகளுக்குச் சில விதிகளை எழுதிக் கொடுத்தார். சூரியனை உன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். மேலிருந்து வா. பின்னாலிருந்து தாக்கு. கிட்டப் போகும்வரை சுடாதே. எதிரியின் எல்லைக்குள் போனால் திரும்பும் வழியை மறக்காதே. இவற்றில் வீரதீரம் பேசும் ஒரு வரியும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு மாடிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் காத்தாடிச் சண்டைக்கு 'டீல்' என்று பேர். மாஞ்சா நூல் தெருவில் போகிறவர்கள் கழுத்தை அறுத்து உயிரை எடுத்ததால் சென்னையில் அதற்குத் தடை வந்தது. வர வேண்டிய தடைதான், அந்த நூலை யாரும் தொட வேண்டாம். நான் சொல்வது சின்ன வயதில் பார்த்த டீல். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். அவர் காத்தாடி ஆடாது, குட்டிக்கரணம் போடாது. மத்தியானத்துக்கு மேல் மேற்கு மாடியில் ஏறி நிற்பார். அவர் காத்தாடியைப் பார்க்க அண்ணாந்தால் நம் கண்ணில் நேராக வெயில் அடிக்கும். நம் காத்தாடிக்கு மேலே எப்போது வந்தார் என்றே தெரியாது. கையில் நூல் தொய்யும், அப்போதுதான் அறுந்தது தெரியும். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளில் பெரும்பாலோர் தங்களைச் சுட்டவரைப் பார்க்கவே இல்லை என்று படித்தபோது, அந்தத் தொய்ந்த நூலின் உணர்வு விரலில் வந்தது. முதலில் பார்ப்பவன்தான் ஏஸ். விமானத்தை வளைத்து நெளித்து ஓட்டும் திறமை அதற்கு அப்புறம்தான்.

பொல்கேயிடம் பாடம் கற்ற மான்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் 80 விமானங்களை வீழ்த்தி அந்தப் போரின் முதலிடத்துக்கு வந்தார். சிவப்பு வண்ண விமானத்தால் பெயர்பெற்றவர். வானில் வித்தை காட்டும் ரகம் அவர் இல்லை. குதிரைப்படையிலிருந்து வந்தவர், வேட்டைப் பழக்கம் உள்ளவர், பொறுத்திருந்து மேலிருந்து இறங்குவார். பொல்கே 40 விமானங்களை வீழ்த்திய பிறகு 1916 அக்டோபர் 28 அன்று இறந்தார். எதிரி சுடவில்லை, தன் குழுவைச் சேர்ந்த நண்பரின் விமானத்தோடு உரசியதில் விழுந்தார்.

இந்தியாவுக்கு ஒரே ஒரு ஏஸ் உண்டு. அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஸ் ஒருவரின் ராணுவ வாழ்க்கை எப்படி நகரும் என்பதை இவரை வைத்தே முழுதாகப் பார்த்துவிடலாம்.

இந்திர லால் ராய், 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் பள்ளிப் படிப்பு. பதினெட்டு வயதில் விமானப் படையில் சேரப் போனபோது கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, பார்வை சரியென்று எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி போனார். 1917 ஜூலையில் அதிகாரியாக நியமித்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் பிரான்ஸில் 56-ஆம் ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் பிரிவில், சேர்ந்தார். டிசம்பரில் அவருடைய எஸ்.இ.5ஏ விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று பிணவறையில் கிடத்திவிட்டார்கள் என்றும், நினைவு வந்து உள்ளிருந்து கதவைத் தட்டினார் என்றும் சொல்வார்கள்.

உடம்பு தேறும்வரை படுக்கையில் கிடந்தபடி விமானங்களாக வரைந்து தள்ளினார். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் விடாமல் கேட்டுக் கேட்டு, 1918 ஜூனில் 40-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த தலைவர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்ற அயர்லாந்துக்காரர், தானே பெரிய ஏஸ். புதிதாக வருகிறவர் முதல் சில வாரங்களைத் தாண்டுவதுதான் கஷ்டம். வானில் எங்கே பார்க்க வேண்டும் என்பதே அப்போது தெரிந்திருக்காது. பக்கத்தில் ஒரு கைதேர்ந்தவர் இருந்து கூட்டிப்போனால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

ஜூலை 6 அன்று முதல் விமானம் விழுந்தது. 8-ஆம் தேதி சில மணி நேரத்துக்குள் மூன்று. 13 அன்று இரண்டு, 15 அன்று இரண்டு, 18 அன்று ஒன்று, 19 அன்று ஒன்று. இரண்டு வாரத்துக்குள் பத்து. ஜூலை 22 அன்று கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மன் விமானங்களோடு நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். வயது 19. மொத்தம் அவர் பறந்த நேரம் சுமார் 170 மணி. ஒன்பதே நாளில் மெக்கெல்ராயும் போய்விட்டார். ராய்க்கு டி.எஃப்.சி. என்ற பிரிட்டிஷ் விமானப் படைப் பதக்கம் இறந்த பிறகு வந்தது, அந்தப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். அவருடைய உறவினர் சுப்ரோதோ முகர்ஜி பின்னாளில் இந்திய விமானப் படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் ஆனார்.

பதினான்கு நாள் என்றதும் மாடியில் பையன்கள் அமைதியாகிவிட்டார்கள். அவர்கள் பள்ளியில் அரையாண்டு விடுமுறையே ஏறக்குறைய அவ்வளவு வரும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். காத்தாடி ஒன்று அறுந்து மிதந்தால் மூன்று மாடியில் இருந்து "நான்தான்" என்று கத்துவார்கள். மூவருமே மனதாரச் சொல்வார்கள். வானத்திலும் இதேதான். மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், உயிர் பயத்தோடு, ஒரு விமானம் புகைவிட்டுக் கீழே போவதைப் பார்க்கிறீர்கள். முழுக்க விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் பின்னால் ஒருவன் வந்துவிடுவான். அந்த விமானம் மேகத்துக்குக் கீழே போய் நிமிர்ந்து வீட்டுக்கும் திரும்பியிருக்கலாம்.

அதனால் ஒவ்வொரு நாடும் ஒரு கணக்கு வைத்தது. சாட்சி வேண்டும் என்றார்கள், உடைந்த விமானம் கிடைக்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கியோடு இணைந்து ஓடும் கேமரா வந்தது. முதல் போரில் பிரிட்டிஷ் கணக்கில், கட்டுப்பாடு இழந்து சுழன்று விழுவதைப் பார்த்தாலே சேர்த்துக்கொண்டார்கள். ராயின் பத்தில் அப்படிப்பட்டவையும் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் பிரான்ஸில் இருவருக்கும் முழுதாக ஒவ்வொன்று. இரண்டாம் போரில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பாதிப் பாதி. ஜெர்மனியில் ஒரு விமானம் என்றால் ஒருவர் பெயரில்தான். இரு நாட்டு ஏஸ்களின் எண்ணை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, மார்க்கெட்டில் கூடை மீனையும் கிலோ மீனையும் ஒரே விலையாகப் பார்ப்பது போல.

இதற்கு நம் பெயர் தாங்கிய உதாரணமே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் திரட்டிய பணத்துக்கு நன்றியாக, பிரிட்டிஷ் விமானப் படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைச் சேர்த்தார்கள். இதில் 264 பறந்தது டிஃபயன்ட் என்ற விசித்திர விமானத்தில். விமானிக்கு முன்பக்கம் துப்பாக்கியே கிடையாது. பின்னால் சுழலும் கூண்டில் இன்னொருவர் உட்கார்ந்து நான்கு துப்பாக்கிகளை இயக்குவார். 1940 மே 29 அன்று பிரெஞ்சுக் கடற்கரை ஊரான டன்கர்க் வானில் அந்த ஸ்குவாட்ரன் ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாகச் சொன்னது. உண்மையில் விழுந்தவை அதைவிட மிகக் குறைவு. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தைப் பல கூண்டுகளில் இருந்து பலர் சுட்டார்கள், ஒவ்வொருவரும் தான் வீழ்த்தியதை எழுதிக் கொடுத்தார்கள். ஜெர்மானியர்களும் அன்று அதைச் சாதாரணச் சண்டை விமானம் என்று நினைத்துப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டார்கள். விரைவிலேயே முன்னாலும் அடியிலும் வரக் கற்றார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் டிஃபயன்ட்களுக்குப் பலத்த இழப்பு, பகல் சண்டையிலிருந்தே அவற்றை விலக்கி இரவு வேலைக்கு அனுப்பினார்கள். அந்தக் கூண்டுகளில் இருந்தவர்களும் அதே கண்கள், அதே கைகள்தான். எதிராளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் மாறியது.

எண்ணுக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது: எத்தனை நாள் பறக்க விட்டார்கள் என்பது. உலகிலேயே அதிகம் வீழ்த்தியவர் எரிக் ஹார்ட்மன், 352. அமெரிக்காவில் முதலிடம் ரிச்சர்ட் பாங், 40. ஒருவர் மற்றவரைவிட ஒன்பது மடங்கு கெட்டிக்காரர் என்று இதற்குப் பொருள் இல்லை. ஜெர்மன் விமானிக்கு ஓய்வு என்று ஒன்று வரையறுக்கப்படவில்லை. சாகும்வரை அல்லது போர் முடியும்வரை பறக்க வேண்டும். ஹார்ட்மன் 1942 முதல் 1945 மே வரை 1,404 முறை போர்ப் பறப்பு போனார். பெரும்பாலும் சோவியத் முனையில், விமானங்கள் நெருக்கமாக மோதிய வானத்தில். எதிரி விமானம் கண்ணாடி முழுக்க நிறையும் அளவு நெருங்கிய பிறகே சுடுவார். உடைந்த துண்டுகள் தன் மேலேயே பட்டு அவர் பலமுறை தரையிறங்க நேர்ந்திருக்கிறது. அவர் பறந்தது நாஜி ஜெர்மனிக்காக என்பதை எண்ணைப் பார்த்து மலைத்து நிற்கும்போது மறந்துவிடக் கூடாது. போருக்குப் பின் பத்தாண்டு சோவியத் சிறையில் இருந்தார்.

அமெரிக்கர்கள் நன்றாகச் சண்டை போடுகிறவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் இன்னும் பத்து விமானம் வீழ்த்துவதைவிட, நூறு பேருக்குக் கற்றுக் கொடுப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. என் அபிப்பிராயத்தில் போரின் போக்கை மாற்றியது அந்தக் கணக்குதான். பாங்கையும் அப்படித்தான் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். புது ஜெட் விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது, 1945 ஆகஸ்ட் 6 அன்று, விழுந்து இறந்தார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த அதே நாள். வயது 24. சோவியத் பக்கம் லிதியா லித்வியாக், யெகதெரீனா புதானவா என்று இரண்டு பெண்கள் ஏஸ் ஆனார்கள். இருவருமே 1943 கோடையில் திரும்பவில்லை.

பிழைத்தவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன், அவர் மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்காரர். 234-இல் ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானத்தை ஓட்டிய பாப் டோ, 1940-இல் இருபது வயது. ஸ்குவாட்ரனிலேயே மோசமான விமானி தான்தான் என்று நம்பியவர். ஆகஸ்ட் 15 அன்று முதல் சண்டைக்குக் கிளம்பும்போது திரும்பி வரமாட்டோம் என்றே நினைத்தார். இரண்டு விமானங்களை வீழ்த்திவிட்டு வந்தார். கொண்டாடாமல், அன்றிரவு உட்கார்ந்து என்ன நடந்தது என்று யோசித்தார். பின்னாலிருந்து குண்டுகள் தோளைத் தாண்டிப் போவதைக் கண்டால், திரும்பிப் பார்க்காமல் அந்த நொடியே கைப்பிடியை முன்னால் தள்ளித் தலைகுப்புறப் பாய வேண்டும் என்று முடிவு செய்து, அதையே மனதில் ஓட்டி ஓட்டிப் பழக்கினார். பார்த்து, யோசித்து, பிறகு செய்ய அங்கே நேரம் இருக்காது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கோடையில் பெரிய ஏஸ்களில் ஒருவராக முடிந்தார். பிறகு இந்தியாவுக்கு வந்து, இந்திய விமானப் படையின் 10-ஆம் ஸ்குவாட்ரனை உருவாக்கி பர்மா முனையில் நடத்தினார். ஏஸ் ஒருவரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்: சுடுவதிலிருந்து சொல்லிக்கொடுப்பதற்கு நகரும் இடம்.

ஜெட்டும் ஏவுகணையும் வந்தபின் ஏஸ்கள் அரிதாகிவிட்டார்கள். போர்கள் குறுகின, எதிரியைக் கண்ணால் பார்க்கும் முன்பே ஏவுகணை போய்விடுகிறது. வியட்நாம் போரில் அமெரிக்காவுக்கு ஐந்தே ஏஸ்கள், அவர்களில் மூவர் விமானியே இல்லை, பின்னிருக்கையில் ரேடாரைப் பார்த்த அதிகாரிகள். ஆறு வீழ்த்தி முதலிடத்தில் இருப்பவரும் பின்னிருக்கைக்காரர்தான். 1965 போரில், செப்டம்பர் 7 அன்று, பாகிஸ்தானின் சர்கோதா வானில் ஒரே பறப்பில் ஐந்து இந்திய ஹண்டர் விமானங்களை வீழ்த்தியதாக எம். எம். ஆலமைப் பாகிஸ்தான் கொண்டாடுகிறது. இந்தியத் தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. சுதந்திர இந்தியாவில் இன்றுவரை ஏஸ் இல்லை.

"அந்த சிவப்பு ஃப்ளைட்டுக்காரரை யார் ண்ணா சுட்டது?" என்று கடைசியில் பையன் கேட்டான். 1918 ஏப்ரல் 21 அன்று ரிக்ட்ஹோஃபன், பொல்கே சொன்னதை மீறி, தப்பியோடிய ஒரு புது விமானியை விடாமல் துரத்தித் தாழ்வாக எதிரி எல்லைக்குள் போனார். மேலிருந்து ராய் பிரவுன் என்ற கனடாக்காரர் சுட்டார். கீழிருந்து ஆஸ்திரேலியப் படைவீரர்களும் சுட்டார்கள். ஒரே ஒரு குண்டு நெஞ்சைத் துளைத்தது. பிரிட்டிஷ் விமானப் படை அதைப் பிரவுன் கணக்கில் எழுதியது. குண்டு போன திசையை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர், தரையிலிருந்து சுட்டவருடையது அது என்கிறார்கள். ஆஸ்திரேலியர்கள் ராணுவ மரியாதையோடு அவரைப் புதைத்தார்கள். இருபத்தைந்து வயது.

"அப்போ அந்தக் கணக்கு யாருக்கு?" என்றான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். தெற்கே மறுபடி இரைச்சல் கேட்டது, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.